ஆறாம் மாடிக்கு மேல் குடியிருப்பவர்கள்

புகைக்கூண்டு துப்புரவாக்குகிறவனை இந்தப் பாரிஸ் நகரம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் நினைக்கும். அதுவும் காப்புறுதிக்காரர் கடிதம் போட்ட பிறகுதான்.

முழங்கால் தேய்ந்த என் தொழில் தோழர்களே, லிப்ட் இல்லாத ஆறு மாடிகளைக் கருவிப் பையோடு ஏறி, கதவு திறந்ததும் "சப்பாத்தைக் கழட்டுங்கோ" என்ற வரவேற்பை வாங்கியவர்களே, இது உங்களுக்குத்தான். மற்றவர்களும் வாசிக்கலாம். வாசித்துவிட்டு, அடுத்த முறை எங்களில் ஒருவன் உங்கள் வீட்டு வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றால், முதலில் ஒரு கதிரையைக் காட்டுங்கள். தாளில் கையெழுத்துப் போடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. காலையில் சார்செலில் ரயில் ஏறி கார் து நோரில் இறங்குவேன். அதற்குப் பிறகு நாள் முழுக்க லா சப்பல் கூரைகளில்தான் என்னைப் பார்க்கலாம். எங்கள் தமிழ் ஆட்களின் வீடுகளில் இப்போது விறகு எரிக்கிறவர்கள் யாருமில்லை. காஸ் கொதிகலன்தான். ஆனால் அதன் புகைக்குழாயையும் வருஷம் ஒருமுறை துப்புரவாக்கி, காப்புறுதிக்குக் காட்டத் தாள் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் அந்தத் தாளைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். நான் அதோடு கூட வருகிற கரி.

கூரையில் எனக்குத் துணை பறவைகள். புறாவைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும், விட்டுவிடுங்கள். நான் சொல்ல வந்தது மார்த்தினே பற்றி. புகைக் கறுப்பு நிறம், அரிவாள் மாதிரிச் சிறகு. மே பிறக்கும்போது ஆபிரிக்காவில் இருந்து வரும், ஓகஸ்ட் தொடக்கத்தில் காணாமல் போகும். கம்பியிலோ மரத்திலோ ஒருநாளும் குந்தாது. தின்பது, குடிப்பது, தூங்குவது எல்லாம் பறந்தபடியே. முட்டையிட மட்டும் ஓர் ஓட்டை வேண்டும். அந்த ஓட்டையைப் பாரிஸில் மனிதர்களின் கூரைக்கடியில்தான் அது தேடுகிறது. தமிழில் இதற்கு உழவாரன் என்று பெயராம். நான் ஊரில் இருந்த காலத்தில் அண்ணாந்து பார்த்த பறவை காகம் ஒன்றுதான், அதுவும் தலையில் எச்சம் போட்டதால்.

பாதருக்குப் பதில் சொன்ன சுவர்

மாக்ஸ் டொர்முவா பக்கம் மன்னாரைச் சேர்ந்த ஓர் அம்மா புதிதாகக் குடிவந்திருந்தா. ஜூன் மாதம். படுக்கையறைச் சுவருக்குள் பிறாண்டும் சத்தம், பிறகு கிசுகிசுப்பு. முன்பு குடியிருந்த யாரோ அந்த வீட்டில் இறந்திருக்க வேண்டும் என்று அவ முடிவுகட்டிவிட்டா. பாதரைக் கூப்பிட்டு வீட்டை மந்திரித்தாயிற்று. சத்தம் நிற்கவில்லை. இரண்டாம் முறை பாதர் வந்து செபம் சொல்லி "ஆமென்" என்றதும், சுவருக்குள் இருந்து ஒரே கீச்சுக் குரல். அதைக் கேட்ட பாதரே, "புகைக்கூண்டு ஆளைக் கூப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இருபத்திரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சிபாரிசு அது.

கூரைக்கு ஏறி, தகட்டின் விளிம்புக்குக் கீழே டோர்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு குஞ்சுகள். கூடு என்று சொல்ல முடியாது. நாலு துரும்பு, இரண்டு இறகு, ஒரு பஸ் டிக்கெட் துண்டு, எல்லாம் எச்சில் போட்டு ஒட்டியிருந்தன. போனில் படம் எடுத்துக்கொண்டு இறங்கினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தா. தாய் எங்கே என்று கேட்டா. சாப்பாடு தேடப் போயிருக்கும் என்றேன். வேண்டுமானால் இவை பறந்துபோன பிறகு வந்து ஓட்டையை அடைத்துத் தருகிறேன் என்றும் சொன்னேன். அவ போனைத் திருப்பித் தந்தா.

"பேய் எண்டால் பாதரைக் கூப்பிட்டுத் துரத்தலாம், தம்பி. பிள்ளை குட்டியோட வந்திருக்கிறவையை ஆர் துரத்துறது?"

கறிவேப்பிலைப் பெட்டி

இன்னொரு கோடையில், வேலை முடித்து இறங்கி வருகிறேன், மரக்கறிக் கடை வாசலில் கூட்டம். நடுவில் நிலத்தில் ஒரு மார்த்தினே, சிறகை விரித்துத் துடுப்புப் போடுவது போல அடித்துக்கொண்டிருந்தது. அதன் கால் நகத்தளவுதான். நிலத்தில் விழுந்தால் தானாகக் கிளம்புவது பெரும் பாடு. கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும் வைத்தியம் தெரிந்திருந்தது. ஒரு பெண் அரிசி தூவினா. கடைக்காரத் தம்பி இளநீர் வெட்டிவிட்டார். தொப்பி போட்ட பிரெஞ்சுக்காரர் ஒருவர், தூக்கி மேலே எறியுங்கள் என்று கையை வீசிக் காட்டினார். எறிந்தால் செத்துப்போகும் என்று நான் கத்தினேன். முகம் முழுக்கக் கரியோடு ஒருவன் கத்தினால் மனிதர்கள் உடனே கேட்கிறார்கள். இது தொழிலில் கிடைக்கும் ஒரே அனுகூலம்.

கடைக்காரர் வெறுமையான கறிவேப்பிலைப் பெட்டி ஒன்றைத் தந்தார். அதற்குள் அதை வைத்து மூடிக்கொண்டு, இறங்கி வந்த ஆறு மாடியையும் திரும்ப ஏறினேன். என் முழங்கால் எனக்குச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கூரையில் பெட்டியைத் திறந்து, பறவையை உள்ளங்கையில் வைத்து, கையை உயர்த்திப் பிடித்தேன். அதன் நெஞ்சு என் கையில் அடித்த அடியை இப்போதும் உணர முடிகிறது. ஒரு நிமிஷம் சும்மா இருந்தது. பிறகு கையில் இருந்து சரிந்து கீழே விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது தண்டவாளங்களுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. இறங்கி வந்து வெறும் பெட்டியைக் கடைக்காரரிடம் நீட்டினேன். அவர் அதை மோந்து பார்த்தார்.

"கறிவேப்பிலை வாசத்தோட போகுது, அண்ணை. இனி எந்த நாட்டிலை இறங்கினாலும் எங்கட ஆள் எண்டு கண்டுபிடிச்சிடுவினம்."

தேத்தண்ணிக்குப் பிறகு வரும் சொல்

பிரெஞ்சு வீட்டில் வேலை சுலபம். போன்ஜூர், குழாய், கையெழுத்து, விடைபெற ஓர் ஒவ்வார். தமிழ் வீட்டில் வேலை முடிந்த பிறகுதான் வேலை தொடங்கும். முதலில் ஏலக்காய் போட்ட தேத்தண்ணி வரும். முதல் மிடறு வரைக்கும் ஒன்றும் நடக்காது. பாதிக் கோப்பையில் அந்தச் சொல் வரும்: "தம்பி, அப்படியே…" அப்படியே இந்த பல்ப்பை ஒருக்கா மாற்றிவிடுங்கோ. அப்படியே அன்ரெனாவைக் கொஞ்சம் திருப்பிவிடுங்கோ. அப்படியே அலுமாரிக்கு மேல் இருக்கிற சூட்கேசை இறக்குங்கோ. ஒரு வீட்டில், அப்படியே என் மகளுக்கு ஒருக்கா புத்தி சொல்லிவிட்டுப் போங்கோ என்றார்கள். மகள் என்னோடு பிரெஞ்சில் பேசி எனக்கே புத்தி சொல்லி அனுப்பினாள். தேத்தண்ணியைக் குடித்தவன் மறுக்க முடியாது. இது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

செல்வமலர் அக்காவின் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. கார் து நோருக்குப் பின்னால், ஆறாம் மாடியில், இரண்டு சின்ன அறைகளை ஒன்றாக்கிய வீடு. அக்காவுக்கு ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை. கணவர் ராசநாயகம் அண்ணை, முப்பது வருஷம் உணவகங்களில் கோப்பை கழுவியவர். சர்க்கரை வியாதியால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். லிப்ட் இல்லாத கட்டடம். இரண்டு வருஷமாக அவர் தெருவைக் கண்டதில்லை. கீழ்த்தள வீடு கேட்டு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தார்கள்.

அது பெப்ரவரி. நான் போனபோது அண்ணை தூக்கம். கொதிகலன் குழாயை முடித்தேன். தேத்தண்ணியும் பற்றீசும் வந்தன. அப்படியேயும் வந்தது. முன்பு விறகு எரித்த பழைய கணப்பின் ஓரத்தால் காற்று வருகிறது, மிச்சமிருக்கிற காலும் குளிரில் விறைக்கிறது, இரவெல்லாம் இருமுகிறார், அதை ஒருக்கா அடைத்துவிடுங்கோ என்றா அக்கா. கையை வைத்துப் பார்த்தேன். உண்மைதான், ஊசியாகக் குத்தியது காற்று. ஆனால் அந்தக் கணப்பின் பளிங்குக் கல்லில்தான் சாமித் தட்டு. பிள்ளையார், முருகன், லட்சுமி, பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த வேளாங்கண்ணி மாதா, குத்துவிளக்கு. அவர்களை நகர்த்தாமல் வெடிப்பை அடைக்க முடியாது. அக்கா என் கைகளைப் பார்த்தா. நானும் பார்த்தேன். இரண்டும் கரி. சாமியைத் தொடாமல் வேலை முடிய வேண்டும் என்றால் வெளியே இருந்துதான் அடைக்க வேண்டும். கூரைக்கு ஏறினேன். அண்ணையின் யன்னலுக்குப் பக்கவாட்டில், புகைக்கூண்டின் அடியில் நாலு விரல் அகலத்தில் ஓட்டை இருந்தது. உள்ளே கொஞ்சம் துரும்பும் இறகும் கிடந்தன. குப்பை என்று நினைத்தேன். நல்ல சாந்து குழைத்து, அழுத்தி அடைத்துவிட்டு இறங்கினேன். மன்னார் அம்மாவின் சுவருக்குள் அதே துரும்பையும் இறகையும் கண்ணால் கண்டவன் நான். எனக்குத் தெரியாதென்று சொல்ல வாயில்லை. அக்கா கணப்போரம் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தா.

"இனி காத்தும் கதவைத் தட்டிக் கேட்டுத்தான் எங்கட வீட்டுக்கை வரவேணும், தம்பி."

ஆபிரிக்காவில் இருந்து இரண்டு பேர்

மே மாதம் ஒரு காலை, ரயிலில் இருக்கும்போது தொலைபேசி. ராசநாயகம் அண்ணை. அவர் வணக்கம் சொல்லிப் பேச்சைத் தொடங்குகிறவரில்லை.

"பெப்ரவரியிலை மேலை ஏறினது நீதானே?"

"ஓம், அண்ணை."

"ரெண்டு பேர் வந்து நிக்கினம். ஆபிரிக்காவிலை இருந்து. உள்ளுக்கை போகேலாமல் சுவரிலை மோதினம். திரும்பிப் போகினம், வந்து மோதினம், திரும்பிப் போகினம், வந்து மோதினம்."

இரண்டு வருஷமாக அந்தச் சோடி அதே ஓட்டைக்குத்தான் வருகிறதாம். பகல் முழுக்க யன்னலோரக் கதிரையில் இருக்கிற மனிதர் அவர். முப்பது வருஷம் நிலத்துக்குக் கீழே இருந்த குசினிகளில் கோப்பை கழுவியபோது, தெருவோரக் கம்பி வழியாகத் தெருவில் போகிறவர்களின் சப்பாத்துகளை மட்டும் பார்த்தவர். இப்போது முதல்முறையாக அவருக்கு வானம் கிடைத்திருக்கிறது. அதில் தெரிந்தவர்கள் என்று இந்த இரண்டு பேர்தான். அவர்களுக்கு வீடு இல்லாமல் செய்துவிட்டேன். இந்தப் பறவையின் கூட்டைக் கெடுப்பது இந்த நாட்டில் சட்டப்படி குற்றம். ஆனால் அந்த நேரம் எனக்குச் சட்டம் நினைவுக்கு வரவில்லை, அந்த மோதல்தான் காதில் கேட்டது. இப்படியே கிழமைகள் போனால் இந்த வருஷம் அவை முட்டையிடாது. வேறு இடம் தேடிப் போனால் அடுத்த வருஷமும் திரும்ப வருமா தெரியாது.

அவர் போனை வைத்த பத்தாம் நிமிஷம் அக்கா அழைத்தா. பள்ளிக்கூடக் குசினியில் இருந்து, குரலை அடக்கிக்கொண்டு பேசினா. ஓட்டையை அடைக்கச் சொன்னது தான்தான் என்று அவரிடம் சொல்லிவிட்டாவாம், அன்றையில் இருந்து அவர் தன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லையாம், ஐந்து நாளாயிற்று, சாப்பாட்டை வைத்தால் சாப்பிடுகிறார், முகம் யன்னல் பக்கம்தான் என்றா. கலியாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் இப்படி நடந்ததில்லையாம். வீட்டில் இருப்பது இரண்டே பேர், அதில் ஒருவர் பேசாவிட்டால் மற்றவர் என்ன செய்வது? ரயில் கார் து நோருக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

"அவருக்குக் குளிருது எண்டுதானே, தம்பி, நான் சொன்னனான்."

ஆணியில் தொங்கிய சாவி

அடைத்தவன் போய்த் திறக்க வேண்டியதுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். தொழிலில் இல்லாதவர்கள்தான் அப்படி நினைப்பார்கள். பெப்ரவரியில் என்னிடம் வேலைத்தாள் இருந்தது, அதனால் கூரைக் கதவு திறந்தது. இப்போது தாள் இல்லை. சாவி கட்டடக் காவலாளி மதாம் லூசியாவிடம். போர்த்துக்கல்காரி, படிகளைக் கழுவி முடித்த பிறகு யாராவது மிதித்தால் பெயர் சொல்லித் திட்டுவா. சிண்டிக்கிடம் எழுதிக் கேள் என்றா. எழுதினேன். கட்டடத்தை நிர்வகிக்கிற அந்த அலுவலகத்தில் இருந்து, உங்கள் கோரிக்கை கிடைத்தது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. இரண்டாம் முறை போனேன். மதாம் லூசியா வாளியைத் தூக்கிக் காட்டினா. நான் வந்த வழியே போனேன்.

மூன்றாம் முறை, அண்ணை யன்னலில் இருந்து போனில் எடுத்து அனுப்பிய படத்தைக் கொண்டுபோனேன். அரை நிமிஷப் படம். வேகமாக ஒரு பறவை வருகிறது, என் சாந்தில் மோதுகிறது, நழுவுகிறது, போகிறது. திரும்ப வருகிறது. கடைசியில் ஒரு மனிதர் மூச்சை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்கும். மதாம் லூசியா கையை ஏப்ரனில் துடைத்துவிட்டுப் போனை வாங்கி, இரண்டு தரம் பார்த்தா. அவவுடைய ஊரிலும் கூரையில் இந்தப் பறவை இருந்ததா என்று நான் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை. படியைப் பார்த்தபடி பிரெஞ்சில் சொன்னது இதுதான்.

"சிண்டிக் கடிதம் இல்லாமல் நான் யாருக்கும் சாவி கொடுக்க மாட்டேன், மிஸ்யூ, ஆனால் ஞாயிறு மதியம் நான் சூப் குடிக்கும்போது சாவி ஆணியில் தொங்கும், ஆணியைப் பார்த்துக்கொண்டு சூப் குடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை."

மடியில் பிள்ளையார்

ஞாயிறு மதியம் இடுப்பு வாரைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு கூரையில் நின்றேன். சொந்த வேலையை நான் திட்டியது அன்றுதான். அவ்வளவு நல்ல சாந்து. வாடிக்கையாளர் குறை சொல்லக் கூடாதென்று அழுத்தியிருந்தேன், உளி தெறித்தது. நான் அடிக்க அடிக்க இரண்டு மார்த்தினேயும் என் காதோரத்தால் கத்திக்கொண்டு பறந்தன. என்னைத் திட்டினவா, அவசரப்படுத்தினவா தெரியாது. இரண்டுக்கும் நான் தகுதியானவன். முக்கால் மணி நேரத்தில் ஓட்டை திறந்தது. உள்ளே பழைய துரும்பு அப்படியே இருந்தது. அதைத் தொடாமல், ஓரத்தை மட்டும் துடைத்துவிட்டு இறங்கினேன்.

ஆனால் ஓட்டை திறந்தால் காற்றும் வருமே. பெப்ரவரியில் செய்திருக்க வேண்டியதை, அதாவது உள்ளே இருந்த வெடிப்பை அடைப்பதை, இப்போது செய்ய வேண்டும். சாமித் தட்டை நகர்த்த வேண்டும். அக்கா என்னைக் குசினிக்குள் கூட்டிப்போய் மூன்று முறை சவர்க்காரம் போட வைத்தா, நாலாம் முறை மஞ்சள் தண்ணீர் ஊற்றினா. அதற்குப் பிறகும், சாமியை நான் எடுக்கிறேன், நீங்கள் தொட வேண்டாம் என்றா. எடுத்து வைக்க இடமில்லை. அந்த அறையில் மேசையில் என் கருவிகள், நிலத்தில் என் விரிப்பு. மிச்சம் இருந்தது அண்ணையின் மடி ஒன்றுதான். அக்கா பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றா. அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ நகரவில்லை. மனைவியோடு கோபிக்கலாம், பிள்ளையாரை எவ்வளவு நேரம் காக்க வைப்பது? முகத்தைத் திருப்பாமலே இரண்டு கையையும் நீட்டினார். பிறகு முருகன் வந்தார், வள்ளி தெய்வானையோடு. பிறகு லட்சுமி. பிறகு மாதா. நாடிவரைக்கும் தெய்வங்களை அடுக்கிக்கொண்டு அந்த மனிதர் அசையாமல் இருந்தார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு வெடிப்பை அடைத்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் சாந்தோடு குழைத்துவிட்டேன். முடிந்ததும் அக்கா ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினா. முருகனைக் கொடுக்கும்போது அண்ணை படத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி, முருகன்ரை கண்ணாடியிலை தூசி கிடக்கெண்டு அவவிட்டைச் சொல்லு."

பெயர்

இனி அவை வர வேண்டும். திறந்தது எனக்குத் தெரியும், அவைக்குத் தெரிய வேண்டுமே. திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. நான் அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. பயம்தான், வேறென்ன. மற்றக் கூரைகளில் நின்று கார் து நோர்ப் பக்கம் பார்ப்பேன், வானம் முழுக்க மார்த்தினே கத்திக்கொண்டு திரியும், எது அண்ணையுடையது என்று யார் கண்டது? புதன்கிழமை ஒரு வீட்டில் தேத்தண்ணி தந்து "அப்படியே" என்று தொடங்கினார்கள். எழுந்து வந்துவிட்டேன். அந்த வீட்டுக்காரர் இன்றும் என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

சனிக்கிழமை பின்னேரம், வெயில் இன்னும் போகவில்லை, போன் அடித்தது. செல்வமலர் அக்காவின் பெயர் தெரிந்தது. எடுத்தால் முதலில் கேட்டது அக்காவின் குரல் இல்லை, பின்னால் மார்த்தினேக்களின் கூச்சல். பிறகு அக்காவின் மூக்குறிஞ்சல். அப்படியே தெருவோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். செத்துப்போச்சோ, அக்கா, என்று கேட்டேன். இல்லையாம். முதலில் ஒன்று வந்து ஓட்டை வாயில் தொங்கி, எட்டிப் பார்த்து, விழுந்து போயிற்றாம். மூன்று முறை அப்படி. நாலாம் முறை உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் மற்றதும். அக்கா குசினியில் வெங்காயம் அரிந்துகொண்டு இருந்தாவாம். சரி, அது நல்ல செய்திதானே, ஏன் அழுகிறீர்கள், வெங்காயமா என்று கேட்டேன்.

"மூண்டு கிழமைக்குப் பிறகு என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர், தம்பி, 'மலர், இஞ்சை வாரும், வந்து பாரும்' எண்டு."

சாமான் இறக்கிய நாள்

ஜூலையில் அந்தக் கடிதம் வந்தது. பாரிஸுக்கு வெளியே, ஸ்தேனில் கீழ்த்தள வீடு. படியே இல்லை, சக்கர நாற்காலி போகிற சரிவு, வாசலில் ஒரு துண்டுப் புல்வெளி. வருஷக்கணக்காகக் காத்திருந்த வீடு. அக்கா கடிதத்தைச் சாமித் தட்டில் வைத்துக் கும்பிட்டா. அண்ணை வாசித்துவிட்டு, ஓகஸ்ட் வரட்டும் என்றார். உள்ளே குஞ்சுகள் கத்துகிறது கேட்கவில்லையா, அவை போகாமல் நான் எப்படிப் போவது? அக்கா தலையில் அடித்துக்கொண்டா. புது வீட்டுச் சாவி வாங்கக் கொஞ்ச நாள் தவணை கேட்டு எழுத வேண்டியதாயிற்று. உண்மையான காரணத்தை எழுதச் சொன்னார் அண்ணை. சாமான் ஏற்ற ஆள் கிடைக்கவில்லை என்று எழுதினா அக்கா. தவணை கிடைத்தது. இம்முறை இரண்டு பேரும் சத்தமாகச் சண்டை பிடித்தார்கள். கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஓகஸ்ட் முதல் கிழமை, ஒரு காலையில் வானத்தில் சத்தமில்லை. போய்விட்டன. அடுத்த நாள் நாலு பேராக அண்ணையைக் கதிரையோடு தூக்கி ஆறு மாடியும் இறக்கினோம். முன்னால் பிடித்தவன் நான். இரண்டாம் மாடியில் மதாம் லூசியா துடைப்பத்தோடு நின்றா. ஈரப்படியை எட்டுக் கால்களால் மிதித்தோம், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினா. தெருவுக்கு வந்ததும் அண்ணை முதலில் போகிற வருகிறவர்களின் சப்பாத்துகளைப் பார்த்தார், பழக்கதோஷம். பிறகு தலையை நிமிர்த்தி, ஆறாம் மாடிக்கு மேலே, புகைக்கூண்டின் அடியை வெகுநேரம் பார்த்தார். கீழே நின்றால் ஓட்டை தெரியாது. வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். அக்கா சாமிப் படங்களை மடியில் வைத்துக்கொண்டு வண்டிக்குள் காத்திருந்தா. அண்ணை என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"வருசா வருசம் இந்தக் கட்டடத்துக்கு நீதானே வாறனி, வாற மேயிலை அவை வந்து எங்களைக் காணேல்லையெண்டு தேடுவினம், அப்படியே ஒருக்கா மேலை ஏறி, நாங்கள் ஸ்தேனுக்குப் போட்டம் எண்டு சொல்லிவிடு, தம்பி."

இந்த மேயில், சாவி ஆணியில் தொங்கிய ஒரு ஞாயிறு மதியம், ஏறிப் போய்ச் சொல்லிவிட்டேன், தோழர்களே. பிரெஞ்சில் சொல்வதா தமிழில் சொல்வதா என்று யோசித்ததில்தான் கொஞ்ச நேரம் போனது.